இடது பக்கத்து நட்டு

எனக்கு எழுபத்தாறு வயது. வளர்த்தது ஆறு பிள்ளைகள்; என் வீட்டுக்காரர் விட்டுப்போன பழைய காரையும் சேர்த்தால் ஏழு.

போன மாதம் அந்தக் காரின் இடது பின்சக்கரம் ஆடத் தொடங்கியது. அச்சில் நட்டு ஏறும் மரை தேய்ந்து, சக்கரத்தின் நடுப்பாகமான ஹப்பைப் பிடித்திருக்கும் நட்டு தளர்ந்துவிட்டதாம். ரவாங் ஊர்ப் பட்டறையில் மரையை வெல்டிங் வைத்து நிரப்பி, வெளியே கடைசல்காரரிடம் கொடுத்துப் பழையபடியே மரையும் புது நட்டும் கடைந்து வாங்கி, வேறு ஹப் மாட்டினார்கள். ஆனால் மெக்கானிக்கும் என் மூத்த மகனும் மாறி மாறித் திருகியும் புது நட்டு ஏறவில்லை.

"மரை புடிக்கல லா. காரைப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம்மா," என்றான் மகன்.

அவனை நகரச் சொல்லிவிட்டு, குனிந்து பார்த்தேன்.

"ஏன்டா, இடது பக்க நட்டை வலது பக்கத்து மாதிரியே திருகுறீங்க? இந்தக் காருக்கு இடது பக்கம் மரை தலைகீழ்டா. உங்கப்பா கழட்டுறப்ப, சக்கரம் சுத்தாம பிரேக்கை மிதிச்சுக்கிட்டு உட்கார்ந்தது நான்தானே!"

மெக்கானிக் எதிர்ப்பக்கம் திருகினார். நட்டு வழுக்கிக்கொண்டு ஏறியது.

"அம்மா, நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க," என்றார்.

"என் சம்பளம் உனக்குக் கட்டுப்படியாகாது தம்பி."

பேத்தி, நான் சொல்லச் சொல்ல எழுதினாயே, அதைக் கொஞ்சம் வாசி. உன் அப்பா தப்பாகத் திருகின இடம் வந்தால் சத்தமாக வாசி. அவன் அடுப்படியில்தான் இருக்கிறான்.