பாலத்தடிப் பெரியவர்

இப்போதெல்லாம் எதையும் முதலிலிருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை. படிவத்தில் ஒரு எழுத்து தவறிப்போனால் வேறு படிவம் கேட்டு வாங்கக்கூட அலுப்பு. அடித்துத் திருத்தி, பக்கத்தில் ஒரு கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். இந்த விஷயத்தில் நான் அம்மாவைக் கொண்டு பிறக்கவில்லை. ஒரே ஒரு வீடியோ கேமை இரண்டே மாதத்தில் எத்தனை தடவை மறுபடி மறுபடி ஆடினாள் என்று நினைத்தால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு இன்றைக்கும் உடம்பு வலிக்கிறது.

எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது பெரியம்மாவின் மகன் பிரான்சிலிருந்து வக்கான்சுக்கு வந்தான். பள்ளி விடுமுறையை அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், எங்கள் முதலியார்பேட்டையில் சொல்கிறபடி ‘சொல்தா’. அண்ணன் எங்கள் வீட்டில்தான் தங்கினான், ஆனால் வீட்டில் இருந்த நேரம் குறைவு. காலையில் அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனால் பசித்தால்தான் திரும்புவான். தான் கொண்டுவந்திருந்த மடக்கும் கேம் பெட்டியை, ஊருக்குப் போகும்போது திருப்பித் தர வேண்டும் என்று சொல்லி என்னிடம் போட்டுவிட்டான். அதில் இருந்தது ஒரே விளையாட்டு. அதை அவன் இரண்டு தடவை முடித்திருந்தான்.

“இதுல செத்தா செத்ததுதான். திரும்பி வர மாட்டாங்க,” என்றான். “கடைசில ஒண்ணு இருக்கு. நான் சொல்ல மாட்டேன்.”

கட்டம் கட்டமாகப் பிரித்த போர்க்களம். நம் பக்கம் பன்னிரண்டு பேர். நாம் எல்லாரையும் ஒரு முறை நகர்த்தினால், எதிரி ஒரு முறை நகர்த்துவான். இப்படி இருபது களங்கள். ஒரு களத்தில் செத்தவர் அடுத்த களத்துக்கு வர மாட்டார். அவர் இருந்த இடம் பட்டியலில் காலியாக நிற்கும். காப்பாற்ற ஒரே வழிதான் உண்டு. களத்தை முடித்துப் பதிவு செய்வதற்கு முன்னால் பெட்டியை அணைத்துவிட்டு, அதே களத்தை முதலிலிருந்து ஆட வேண்டும். எழுத்தெல்லாம் பிரெஞ்சு. பள்ளியில் நான் படித்த பிரெஞ்சு அதற்கு ஒருவாறு போதுமாக இருந்தது.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை டியூட்டி முடிந்து மதியம் இரண்டரைக்கு வருவாள். முதலில் காலை நீட்டிக்கொள்ளத்தான் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு நாள் நான் தண்ணீர் குடிக்க எழுந்துபோய்த் திரும்பி வருவதற்குள் இரண்டு பேரை நகர்த்தியிருந்தாள். அதன் பிறகு பெட்டி எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தமாகிவிட்டது. அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது, திரையில் யாராவது பேசினால் நான் படித்துச் சொல்வேன். வில்லோடு வருகிறவளுக்கு அம்மா ‘வில்லுக்காரி’ என்று பெயர் வைத்தாள். கோலை நீட்டிக் காயம் ஆற்றும் வெள்ளை அங்கிக்காரிக்கு ‘சிஸ்டர்’. ஈட்டி பிடித்த தாடிக்காரக் கிழவருக்கு ‘பெரியவர்’. “ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டது போதாதுன்னு இங்க வேறயா?” என்று அப்பா சிரிப்பார்.

நர்சுகள் டியூட்டி மாறும்போது, அடுத்து வருகிறவரிடம் எந்தப் படுக்கையில் யார், எப்படி இருக்கிறார் என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதற்கு ‘ஓவர் கொடுப்பது’ என்று பெயர். அம்மா அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். காலையில் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே எனக்கு ஓவர் கொடுப்பாள். “வில்லுக்காரி ஓகே. குதிரைக்காரப் பையனுக்குப் பாதி ரத்தம்தான் இருக்குது, முன்னாடி அனுப்பாத. பெரியவர் இன்னொரு அடி தாங்க மாட்டாரு பாப்பா, சிஸ்டர பக்கத்துலயே வை.” அவள் திரும்பி வந்ததும் நான் கொடுக்க வேண்டும். நானும் பெரிய மனுஷி மாதிரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகச் சொல்வேன்.

ஆனால் அம்மாவோடு ஆடுவது பெரிய இம்சை. ஒருவர்கூடச் சாகக் கூடாது. ஒரு மணி நேரம் ஆடி, வெற்றிக்கு இன்னும் இரண்டே நகர்த்தல்கள் இருக்கும்போது யாராவது விழுந்தால், அணைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். சில நாள் முகம்கூடக் கழுவாமல் பெட்டியை எடுப்பாள். அந்த நாட்களில் யாருக்காவது சின்ன அடி பட்டாலே அணைத்துவிடுவாள். அவளுக்கு ஆடத் தெரியவில்லை என்று நான் முடிவு கட்டிவைத்திருந்தேன்.

பதினெட்டாம் களத்தில் மாட்டிக்கொண்டோம். அந்தக் களம் ஆரம்பிக்கும்போதே பெரியவரைப் பாலத்தடியில் தனியாக நிறுத்திவிடுவார்கள். மற்ற பதினொரு பேரும் கோட்டை வாசலில். சிஸ்டரைப் பாலத்துக்கு ஓடவிட்டால் வாசலில் ஒருவர் போனார். வாசலில் வைத்தால் பெரியவர் போனார். இரண்டு வாரம் அதே பாலம், அதே வாசல். எனக்குக் கண்ணை மூடினாலும் கட்டங்கள் தெரிந்தன. அண்ணன் ஊருக்குப் போக இன்னும் பத்து நாள்தான் இருந்தது. கடைசியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே பெட்டி போய்விடும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா டியூட்டிக்குப் போன பிறகு, நான் சிஸ்டரை வாசல் பக்கமே வைத்துக்கொண்டேன். பாலத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மூன்றாவது சுற்றில் பெரியவர் விழுந்தார். திரையில் அவர் முகம் வந்தது, கீழே இரண்டு வரி எழுத்து வந்தது. நான் பொத்தானை அழுத்தித் தள்ளிவிட்டேன். அரைமணியில் கோட்டை எங்களுடையது. பதிவும் செய்துவிட்டேன். சந்தோஷத்தில் எழுந்து கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

அம்மா வந்து செருப்பைக் கழற்றும்போதே, “இன்னாடி, எல்லாரும் எப்படி இருக்காங்க?” என்றாள்.

“பாலத்தத் தாண்டியாச்சும்மா! எல்லாரும் நல்லாயிருக்காங்க.”

“பெரியவரு?”

“நல்லாயிருக்காரு.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். சாப்பிட்டுச் சற்று நேரம் படுத்தாள். நாலு மணிக்கு எழுந்து, டீயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். பட்டியலில் அந்தக் காலி இடத்தை அவள் பார்த்ததை நான் கதவோரமாக நின்று பார்த்தேன். அடி விழும் என்று நினைத்தேன். அவள் குரலைக்கூட உயர்த்தவில்லை.

“எப்போ?” என்றாள்.

“காலையில. பத்து மணி இருக்கும்.”

“பக்கத்துல யார் இருந்தா?”

“யாரும் இல்ல.”

“ஏதாவது சொன்னாரா?”

திரையில் வந்த அந்த இரண்டு வரியை அவளுக்குப் படித்துச் சொல்ல இருந்தவள் நான் ஒருத்திதான். “நான் படிக்கலம்மா. அழுத்திட்டேன்,” என்றேன்.

அம்மா டீயைக் கீழே வைத்தாள். “போனது போவட்டும். அது நம்ம கையில இல்ல. நல்லாயிருக்காருன்னு ஓவர்ல எப்படிடி சொன்ன?” என்றாள். பதிவை அழித்துவிட்டு, முதல் களத்தைத் தொடங்கினாள். பதினெட்டாம் களம் இல்லை, முதல் களம். அன்றைக்கு அவளுக்கு எவ்வளவு களைப்பாக இருந்திருக்கும் என்று நான் கொஞ்சமும் நினைக்கவில்லை. வேண்டுமென்றே என்னைத் தண்டிக்கிறாள் என்று போய்ப் படுத்து அழுதேன்.

பத்து நாளில் ஏழாம் களம் வரைதான் போக முடிந்தது. அண்ணன் கிளம்பும் நாளில், வாசலில் கார் நின்றுகொண்டிருக்க, அம்மா பெட்டியை அவன் கையில் கொடுத்தாள். “பன்னெண்டு பேரும் இருக்காங்கப்பா. பெரியவர மட்டும் தனியா விடாத,” என்றாள். அவன் விழுந்து விழுந்து சிரித்துப் பெட்டியைப் பையில் திணித்துக்கொண்டான். கடைசியில் என்ன இருந்தது என்று அவனும் சொல்லவில்லை. ஆத்திரத்தில் நான் கை ஆட்டக்கூட இல்லை.

அந்த இரண்டு மாதமும் அம்மா வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் நான் ஓவர் கொடுத்தேன். யாருக்கு எவ்வளவு ரத்தம் மிச்சம், யாரைக் கவனிக்க வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவளும் நின்று, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அவளுடைய வார்டில் அன்றைக்கு யார் இருந்தார்கள், யார் போனார்கள் என்று நான் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியவில்லை.