எக்ஸ்ரே சாரின் மறுதேர்வு

புவியியல் ஆசிரியராக அவரை யாருக்கும் ஞாபகமில்லை. பாலைவனங்களையும் பருவக்காற்றையும் முப்பத்தொரு வருடம் நடத்தினார். வகுப்பில் பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் அதற்கும் சோம்பல்பட்டார்கள். ஆனால் தேர்வுக் கண்காணிப்பாளராக அவரை மறந்தவன் ஒருவனும் கிடையாது. அவர் ஹாலுக்குள் காலடி வைத்தால் முன்வரிசை யோக்கியர்களே ஒருமுறை தங்கள் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். சட்டைக் காலருக்குள் சுருட்டி வைத்த பிட், தண்ணீர் பாட்டில் லேபிளின் உள்பக்கம் ஒட்டிய பிட், ஸ்கேலின் முதுகில் பென்சிலால் கிறுக்கிய பிட் என்று எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. ஒருமுறை கையில் மாவுக்கட்டோடு வந்த பையனிடம், "எலும்பு கூடியிருக்கும், பிரிச்சுப் பாத்துடலாமா தம்பி?" என்று கேட்டாராம். கட்டுக்குள் மொத்த வேதியியலும் இருந்தது. அன்றிலிருந்து அவர் பெயர் எக்ஸ்ரே. பெற்றோர் வைத்த பெயர் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டோடு நின்றுபோனது.

அவர் மனைவி தபால் நிலையத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தெருப் பெயரைத் தப்பாக எழுதிய கடிதத்தைக்கூட உரிய வீட்டில் சேர்த்துவிடும் சாமர்த்தியம் அவளுக்கு உண்டு. எழுபத்திரண்டு வயதுப் புருஷனை உரிய வீட்டில் சேர்ப்பதற்கும் அது தேவைப்படும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

அவர்கள் குடியிருந்தது அடுக்குமாடியில், இரண்டாவது மாடி. ஒருநாள் காலை நடைப்பயிற்சி முடித்து வந்தவர் ஒரு மாடி ஏறியதும் வீடு வந்துவிட்டது என்று முடிவு செய்து, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே போய், சோபாவில் அமர்ந்து டீ கேட்டார். கீழ் வீட்டு அம்மாள் மரியாதைக்காரி. போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு, சர்க்கரை பத்தவில்லை என்றார். அதோடு விட்டாரா? டிவியை யார் இந்தப் பக்கம் நகர்த்தியது என்று சத்தம் போட ஆரம்பித்தபோதுதான் அந்த அம்மாள் அவரை மேலே கூட்டி வந்தாள்.

"கீழ் வீட்டுல எப்படி இருக்காங்கன்னு பாத்துட்டு வந்தேன்" என்றார் எக்ஸ்ரே, மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.

"நல்லதாப் போச்சு. நானே போயிட்டு வாங்கன்னு சொல்லணும்னு இருந்தேன்" என்றாள் அவள்.

இப்படி இருவரும் ஒரு வருடமாக ஒருவருக்கொருவர் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலையில் எழுந்ததும் அவள் வானொலி மாதிரி, "இன்னைக்கு செவ்வாய்க்கிழமை, ஒன்பதாம் தேதி, பால்காரன் இன்னும் வரல" என்று சுவரைப் பார்த்து அறிவிப்பாள். விருந்தாளி வந்தால் வாசலிலேயே, "அடடே, பாருங்க, உங்க சித்தப்பா பையன் வந்திருக்காரு" என்று முந்திக்கொள்வாள். அவரும் அதைப் பிடித்துக்கொண்டு, "வாடா, சித்தப்பா பையா" என்று சமாளிப்பார். அவள் எடுத்துக் கொடுக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அவளுக்குப் பயமாக இருந்தது. வாய்விட்டுச் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு முட்டாள்தனமான நம்பிக்கை. அதனால் பகல் முழுக்க இரண்டு ஆளின் ஞாபகத்துக்கு ஒரே ஆளாக உழைத்துவிட்டு, சாயங்காலமே அசந்து போனாள்.

ஊர் சும்மா இருக்குமா? மோப்பம் பிடித்து ஆளுக்கொரு வைத்தியம் சொன்னது. பாதாமை ஊறவைத்துச் சாப்பிடச் சொன்னார் ஒருவர், ஊறவைத்தால் சத்தெல்லாம் தண்ணீரில் போய்விடும் என்றார் அவருடைய தம்பி. இடது கையால் பல் துலக்கினால் மூளையின் தூங்குகிற பாதி விழித்துக்கொள்ளும் என்று மேல் மாடிக்காரர் சத்தியம் செய்தார். எக்ஸ்ரே முயன்று பார்த்தார். பற்பசை மூக்குக்குள் போனதில் மூளை விழித்ததோ இல்லையோ, வீடே விழித்துக்கொண்டது.

கடைசியில் மனைவி ஒரு முடிவுக்கு வந்து, பெரிய ஆஸ்பத்திரியின் ஞாபகமறதிப் பிரிவில் நாள் குறித்துவிட்டு வந்தாள். சீக்கிரம் கண்டுபிடித்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது என்று அங்கே சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

விஷயம் ஒரே மகளின் காதுக்குப் போனது. மகள் டியூஷன் சென்டர் நடத்துகிறாள். சாதாரண சென்டர் இல்லை, ஞாபகசக்திப் பயிற்சியும் சேர்ந்தது. 'ஒருமுறை படித்தால் ஒருநாளும் மறக்காது' என்று வாசலில் ஆள் உயரப் பலகை. அதில் எக்ஸ்ரேயின் படம். கீழே, 'எழுபத்திரண்டு வயதிலும் எல்லா நாட்டுத் தலைநகரங்களும் விரல் நுனியில்!' அது பொய்யும் இல்லை. தலைநகரங்களை இன்றைக்கும் மனிதர் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். சாப்பிட்டாரா இல்லையா என்பதைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"ஏம்மா, யாரைக் கேட்டு நாள் வாங்கின?" என்று மகள் குதித்தாள். "மார்க் குறைஞ்சா ஃபைல்ல ஏறிடும். நாளைக்கு எவனாவது, 'அப்பாவுக்கே மறதியாமே, நீ என்ன சொல்லித்தரப் போற'ன்னு கேட்டா நான் முகத்தை எங்க வெச்சுக்கிறது?"

"அது பரீட்சை இல்லடி, பரிசோதனை."

"முப்பது மார்க்குக்குக் கேள்வி கேட்டா அது பரீட்சைதாம்மா. விடு, நான் பாத்துக்கிறேன்."

மகள் பார்த்துக்கொண்டாள். அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பழைய மாணவி ஒருத்தியைப் பிடித்து, என்னென்ன கேட்பார்கள் என்று விசாரித்துவிட்டாள். ஒருமுறை கேட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்வார்களே, அந்த ஐந்து சொற்கள்கூடப் போன மாதத்து வினாத்தாளிலிருந்து கிடைத்துவிட்டன: யானை, செருப்பு, பாலம், கதவு, எலுமிச்சை. மூன்று வாரத்துக்கு அட்டவணை போட்டாள். காலையில் கடிகாரம் வரைதல், மத்தியானம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தல், சாயங்காலம் மாதிரித் தேர்வு. ஐந்து சொற்களுக்கு ஒரு கதையும் கட்டிக் கொடுத்தாள். யானை செருப்பு மாட்டிக்கொண்டு பாலத்தில் நடந்துபோய், கதவைத் தட்டி எலுமிச்சை கேட்டதாம். யானைக்கு எலுமிச்சை எதற்கு என்று எக்ஸ்ரே கேட்டதற்கு, "சிலபஸ்ல இல்லாததைக் கேக்காதீங்கப்பா" என்று அடக்கினாள்.

மூன்றாவது வாரம் மாதிரித் தேர்வில் இருபத்தெட்டு வாங்கினார். மகள் கைதட்டினாள். அன்றைக்கே மறுபடி கீழ் வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தார். அதற்கு மதிப்பெண் ஒதுக்கப்படவில்லை.

தேர்வு நாளும் வந்தது. தேதி, கிழமை, ஆஸ்பத்திரியின் பெயர், எத்தனையாவது மாடி ஆகியவற்றை மகள் பொடி எழுத்தில் எழுதி, அவருடைய கண்ணாடிக் கூட்டுக்குள் ஒட்டினாள். அவர் தடுமாறினால் அம்மா இரும வேண்டும், உடனே அவர் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கூட்டைத் திறக்க வேண்டும். மனைவிக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் தலையாட்டினாள். புருஷன் தோற்பதை உட்கார்ந்து பார்க்க அவளுக்கும் தெம்பில்லை என்பதுதான் உண்மை.

டாக்டர் இளவயதுப் பெண். சிரித்த முகம். "இன்னைக்கு என்ன கிழமை சார்?" என்று ஆரம்பித்தாள்.

மனைவி இருமினாள். எக்ஸ்ரே கண்ணாடியைத் துடைத்தார். "வியாழன்" என்றார். தேதிக்கு ஒரு இருமல், மாடிக்கு ஒரு இருமல். டாக்டர் கனிவோடு, "உங்களுக்கு சளி ரொம்ப இருக்கேம்மா" என்று தண்ணீர் கொடுத்தாள். நூறிலிருந்து கழிக்கச் சொன்னபோது அவர், "தொண்ணூத்திமூணு, எண்பத்தாறு, எழுபத்தொம்பது" என்று வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்தில் புறப்பட்டார். நிறுத்தச் சொல்லும்வரை நிற்கவில்லை. மகள் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"அருமை சார். இப்ப நான் அஞ்சு வார்த்தை சொல்லப் போறேன்…"

"யானை, செருப்பு, பாலம், கதவு, எலுமிச்சை" என்றார் எக்ஸ்ரே.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "நான் இன்னும் சொல்லவே இல்லையே சார்."

"அப்பா எப்பவுமே அப்படித்தான் டாக்டர், ரொம்ப ஃபாஸ்ட்டு" என்று மகள் பல்லைக் காட்டினாள். மனைவிக்கு இருமல் நிஜமாகவே வந்துவிட்டது.

எக்ஸ்ரே மகளைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். முப்பத்தொரு வருடம் ஹால் ஹாலாகப் பார்த்த முகங்கள்தான். வேர்த்த நெற்றி, எங்கேயோ பார்க்கிற கண், தேவையில்லாத சிரிப்பு. அவர் முதுகு மெல்ல நிமிர்வதை மனைவி பார்த்தாள். கண்ணாடிக் கூட்டைத் திறந்து, ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் பெயர்த்து, மேசைமேல் வைத்தார்.

"காப்பி நடந்திருக்கும்மா. இந்தத் தேர்வை ரத்து பண்ணிடுங்க. இவங்க ரெண்டு பேரும் வெளிய இருக்கட்டும். எனக்கு மறுதேர்வு வைங்க."

"சார், பரவால்ல, இன்னொரு நாள்…"

"இன்னைக்கே வைங்கம்மா. நாளைக்கு வரைக்கும் நான் எவ்வளவு மிச்சம் இருப்பேன்னு எனக்கே தெரியல."

தாயும் மகளும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கதவு சாத்திக்கொண்டது. மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "எல்லாம் போச்சும்மா. இருபத்தெட்டு எடுக்கிற மனுஷன்…"

"போதும்டி" என்றாள் மனைவி. "போன வாரம் என்னைப் பாத்து, 'நீங்க எப்ப வந்தீங்க'ன்னு கேட்டாரு. வாங்க போங்கன்னு, அவ்வளவு மரியாதையா. அதுக்கு உன் யானைக் கதையில பதில் இருக்கா?"

மகள் தரையைப் பார்த்தாள். "எனக்கு மட்டும் தெரியாதாம்மா? பாத்துக்கிட்டுதானே இருக்கேன். ஆனா எனக்கு என்ன பண்ணத் தெரியும்? படிக்க வைக்க மட்டும்தான் தெரியும்" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். ஆள் உயரப் பலகைக்குச் சொந்தக்காரி அப்போது எட்டு வயதுக்காரி மாதிரி இருந்தாள். மனைவி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அரைமணி கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். மேசையில் அவர் வரைந்த கடிகாரம் கிடந்தது. வட்டம் சுத்தமாக இருந்தது. பன்னிரண்டு எண்களும் வலது பக்கமே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன, இடது பக்கம் காலி. முப்பதுக்குப் பதினேழு. எக்ஸ்ரே கைகளைக் கட்டிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

"பாஸ் மார்க் எவ்வளவு டாக்டர்?" என்றாள் மகள், பழக்கதோஷத்தில்.

"இதுல பாஸ், ஃபெயில் எதுவும் இல்லைங்க. உதவி எவ்வளவு தேவைன்னு பாக்கிறது, அவ்வளவுதான்." டாக்டர் மனைவியின் பக்கம் திரும்பினாள். "வீட்டுல எப்படி இருக்காரு, நீங்க சொல்லுங்கம்மா."

மனைவி வழக்கம்போல, "நல்லாதான்…" என்று ஆரம்பித்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் சொன்னாள். கீழ் வீட்டு டீயிலிருந்து காலை அறிவிப்பு வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுதாள். ஒரு வருடத்து அழுகை, கொஞ்ச நேரம் பிடித்தது.

டாக்டர் அவசரப்படுத்தவில்லை. இது மறதிநோயின் ஆரம்பமாக இருக்கலாம் என்றாள். ஆனால் தைராய்டு, வைட்டமின் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் இப்படி ஆட்டம் காட்டுவதுண்டு, அதனால் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றாள். காது கேட்பதையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். நடக்கட்டும், நாலு பேரோடு பழகட்டும், வாசலில் பெரிதாகப் பெயர்ப்பலகை மாட்டுங்கள், கீழ் வீட்டு அம்மாளிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் என்றாள். "ஒண்ணு மட்டும் வேண்டாம். 'இப்பதானே சொன்னேன்'னு சொல்லாதீங்க. கேட்டா பதில் சொல்லிடுங்க. நீங்களும் தனியா சுமக்காதீங்கம்மா." இடது கைப் பல் துலக்கலைப் பற்றி எக்ஸ்ரே கேட்டார். வலது கையாலேயே துலக்கலாம் என்று அனுமதி கிடைத்தது.

ஸ்கேனுக்கு நாள் வாங்க மகள் ஆஸ்பத்திரியிலேயே நின்றுகொண்டாள். வெயில் தாழ்ந்த நேரத்துப் பேருந்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. எக்ஸ்ரே ஜன்னலோரம். கொஞ்ச தூரம் போனதும் அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"உனக்குப் பயமா இருக்கா?"

நாற்பத்து நாலு வருடத்தில் அவர் அவளிடம் இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை. அவள் தயங்கினாள். பிறகு, "ஆமாங்க, ரொம்ப" என்றாள்.

"எனக்கும்தான்" என்றார் அவர். அவள் அவர் தோளில் லேசாகச் சாய்ந்துகொண்டாள். நடத்துநர் வந்து போனார்.

இரண்டு நிறுத்தம் தாண்டியிருக்கும். அவர் திரும்பினார். அதே அக்கறை, அதே குரல், இப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது போல.

"உனக்குப் பயமா இருக்கா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள். "கொஞ்சம் கொறஞ்சிருக்குங்க" என்றாள்.

"அப்படியா? எனக்கும்" என்றார் எக்ஸ்ரே, திருப்தியோடு. மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் மூன்றாவது தடவை கேட்பதற்காக அவள் காத்திருந்தாள்.