தண்ணீர் படாத சுருள்

பிலிம் சுருளைச் சுற்றியிருந்த துண்டுத்தாளைத் தேதியிட்டு டைரியில் ஒட்டியிருக்கிறேன். ‘ஒருவாட்டி எடுத்தாச்சு சார். இது மேலயே பழவேற்காட்டுத் தண்ணிய எடுங்க.’

எழுதியவர் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையின் உலைத் தொழிலாளி. கவரைப்பேட்டையில் என் ரயில் பெட்டியில் ஏறுவார். கைகளெல்லாம் தீப்பொறித் தழும்பு. கழுத்தில் பொம்மை போன்ற பிளாஸ்டிக் கேமரா. அதன் இடுக்குகளில் ஒன்றை மட்டும் டேப் ஒட்டாமல் விட்டுவைப்பார். “வெளிச்சம் உள்ள பூந்து இன்னா எழுதுதோ எழுதட்டும் சார்” என்பார்.

நான் பழவேற்காட்டு ஏரிக்குப் படமெடுக்கப் போவது தெரிந்து, அந்தத் துண்டுத்தாளைச் சுற்றித் தன் சுருளைத் தந்திருந்தார். போனேன். ஒரே சுருளில் மறுபடி எடுத்தால் புதுப் படம் பழையதன் மேலேயே விழும், ஏற்கெனவே எடுத்த படங்கள் பாழாகிவிடுமே என்று என் கேமராவில் அந்தச் சுருளைப் போடவேயில்லை. மறுவாரம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தேன்.

“இன்னா சார், எடுக்கலியா?”

“உங்க படம் கெட்டுடுமேன்னுதான்.”

“கெடட்டும்னுதான் சார் உங்களாண்ட குடுத்தேன். அதுல எங்க செட்டு ஆளுங்க பதினோரு பேரு உலையாண்டயே நின்னுக்கினு கீறாங்க. படத்துலயாவது தண்ணில நிக்கட்டுமேன்னு பாத்தேன்.”

“இப்போ கொடுங்க, எடுத்துத் தர்றேன்.”

“இன்னிக்கோட காண்ட்ராக்ட் முடியுது சார். நாளைக்கு நான் எங்கயோ, நீங்க எங்கயோ.”

சுருளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். பிறகு அவரைப் பார்க்கவில்லை. ஆந்திரப் பக்கம் வேலைக்குப் போனதாக ஒருவர் சொன்னார். அந்தச் சுருளில் வேறு யாராவது தண்ணீரை எடுத்துக் கொடுத்தார்களா என்பதை விசாரித்தும் உறுதிசெய்ய முடியவில்லை.