ஏறிக்குங்க என்று கூப்பிடும் ஊரில்

தொண்ணூறுகளின் நடுவில் என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை தாறுமாறாக ஏறிவிட்டது. கருமத்தம்பட்டியில் எங்களுக்கு எட்டுத் தறி. வீட்டுக்கும் தறிக்கொட்டகைக்கும் நடுவே இருபது எட்டு வைக்கும் தூரம். அதற்கு மேல் அவர் நடந்ததே இல்லை. சர்க்கரையால் அவருடைய அண்ணனுக்கு ஒரு காலை எடுத்திருந்தார்கள். தினமும் ஒரு மணி நேரம் நடக்காவிட்டால் மூன்று மாதத்தில் ஊசிதான், அதற்குப் பிறகு என்னைக் கேட்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு மாதம் விடிந்ததும் கிளம்பி, சொல்லி வைத்தாற்போல ஒரு மணி நேரத்தில் வந்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை இன்னும் கூடியிருந்தது. மறுநாள் அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன்.

அவர் கோயில் முக்கைத் தாண்டவில்லை, அதற்குள் பால்காரரின் மொபெட் வந்து நின்றது. தெரிந்தவர் நடந்து போனால் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்வதுதான் எங்கள் ஊரில் மரியாதை. கூப்பிட்டும் ஏறாமல் போவது பெரிய அவமரியாதை. இவர் ஏறிக்கொண்டார். விசாரித்தால், பேக்கரியில் இறங்கி சர்க்கரை போட்ட டீயும் குடிப்பாராம். வாங்கிக் கொடுப்பவர் மனம் நோகக்கூடாதே. திரும்பி வர இன்னொரு வண்டி.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எமன் வண்டிய நிறுத்துனாலும் ஏறிக்குவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சுபாவம் அது. என் சுபாவம் வேறு. நான் பிடித்த பிடியை விடமாட்டேன். அடுத்த நாளே சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு அவரோடு கிளம்பினேன். தெருவே சிரித்தது. வண்டி நின்றால் அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொள்வேன்: அவர் ஏறமாட்டாருங்க, நீங்க போங்க. நாலைந்து பேர் எங்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். போனால் போகட்டும், எனக்கு அவருடைய கால் முக்கியம்.

இப்படி ஒரு மாதம் போனபோது காய்ச்சல் என்னைப் படுக்கப் போட்டது. நான்கு நாள் அவர் தனியாகப் போனார். பட்ட பாடெல்லாம் வீண் என்று படுத்தபடியே பொருமினேன். ஐந்தாம் நாள் தடுமாறி எழுந்து வாசலுக்கு வந்தேன்.

அவர் நடந்து வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் பால்காரர், காலிக் கேன்கள் ஆட மொபெட்டைத் தள்ளிக்கொண்டு. பின்னால் இன்னொருவர், வேர்த்து விறுவிறுத்து ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு.

அவர்கள் போன பிறகு என்ன இது என்று கேட்டேன்.

"ஏறமாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல அம்மணி. பேசிக்கிட்டே ரெண்டு எட்டு நடந்து வாங்கன்னு கூப்புட்டேன். அவுங்களுக்கும் மாட்டேன்னு சொல்ல வாய் வரல."

கல்யாணமான நாளிலிருந்து நான் திட்டித் தீர்த்த குணம், என் துணை இல்லாமலேயே அவரை நடக்க வைத்திருந்தது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. மூன்றாம் மாதம் ரத்தத்தைப் பார்த்த டாக்டர் ஊசி வேண்டாம் என்றார். நான் நடப்பதை நிறுத்தவில்லை. வழியில் வண்டி நின்றால் மட்டும், வாயை மூடிக்கொண்டு அவர் பேசட்டும் என்று காத்திருந்தேன்.