கம்பிக்காரியின் வேலி

மேல் தெருவில் தையல்கடை வைத்திருந்தவளுக்குக் கம்பிக்காரி என்று பட்டம் வைத்தவன் அவள் கூடப்பிறந்த தம்பி. ஊர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

ஒரு மழைக்காலத்தில் மலைச்சரிவிலிருந்து இறங்கிய சேறு அவள் கடைக்குள் புகுந்து, தையல் மிஷினின் மிதிபலகையை மூடியது. குடிதண்ணீர்த் தொட்டியும் சேறானது. சரிவில் புல் பூண்டு கிடையாது; ஆடுகள் மொட்டையடித்திருந்தன. மண்ணைக் காக்க ஊரில் குழு அமைத்தபோது, தலைமைக்கு வர எல்லாரும் தயங்கினார்கள். அவள் வந்தாள். சரிவுக்குக் குறுக்கே கல்வரப்பு கட்டி, புல் நட்டு, சுற்றிலும் கம்பிவேலி போடவைத்தாள். மேய்ந்த ஆடுகளில் பாதி தம்பியுடையவை.

"என் வயித்துல அடிக்கத்தான் தலைவி ஆனியா?" என்று கடைவாசலில் நின்று கத்தினான்.

"கீழ்ப்பக்கம் புல் இருக்கு. அங்க மேய்ச்சுக்கோ."

"அது புல்லா? உன் சடை மாதிரி நாலு இழை."

தெருவே சிரித்தது. அவனுக்கு வேண்டியவர்கள் அவளிடம் துணி தைக்கக் கொடுப்பதை நிறுத்தினார்கள்.

ஒரு மதியம் மேலே போனவள், வேலி அறுபட்டிருப்பதைப் பார்த்தாள். ஆடுகள் நுழைய வசதியாக வரப்பின் கற்களையும் உருட்டிவிட்டிருந்தான் தம்பி. உள்ளே மேய்ந்த ஆடுகளை ஓட்டிவந்து குழுவின் கொட்டகையில் பூட்டினாள். அம்மா ஓடிவந்தாள்.

"கூடப்பொறந்தவனைவிடப் புல்லு பெருசாடி உனக்கு?"

"இப்போதைக்குப் பெருசுதாம்மா."

அம்மா அப்போதே துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

வரப்பை மறுநாள் சரிசெய்துகொள்ளலாம் என்றிருந்தாள். விடியும்போதே மழை கொட்டியது. வரப்பில் தேங்கிய தண்ணீரெல்லாம் அந்த உடைப்பு வழியே திரண்டு பாய்ந்து, சரிவின் அடியில் இருந்த தம்பியின் ஆட்டுப்பட்டியைச் சாய்த்தது. கொட்டகையில் பூட்டிய ஆடுகள் பிழைத்தன. பட்டியில் விட்டிருந்த குட்டிகள் போயின.

மண்வெட்டியோடு ஓடினாள்.

"கிட்ட வந்தா அதாலயே போடுவேன்" என்றான் தம்பி. "நீ வரப்பு கட்டாம இருந்திருந்தா தண்ணி பரவிப் போயிருக்கும்."

"நீ உடைக்காம இருந்திருந்தா?"

"போ. போய் ஆட்டையெல்லாம் தொறந்து விடு. குட்டி செத்துப்போச்சுன்னு நீயே அதுங்ககிட்ட சொல்லு."

திறந்துவிட்டாள். அவை குட்டிகளைத் தேடிக் கத்தியது தெருக்கோடிவரை கேட்டது. அவன் சொன்னதில் பாதி உண்மை என்பது அவளை அரித்தது. மிஞ்சிய தண்ணீர் வழிந்தோட வரப்பில் எங்குமே வழி வைக்கவில்லை. கொட்டும் மழையில் பக்கத்து டீக்கடைக்காரரை மட்டும் கூட்டிக்கொண்டு ஏறி, உடைப்பை அடைத்து, ஓடைப் பக்கமாகக் கல் பதித்து ஒரு வாய்க்கால் வெட்டினாள்.

மறுவருடம் சரிவில் முழங்கால் உயரம் புல். தொட்டித் தண்ணீர் தெளிந்திருந்தது. தம்பி வீட்டாரும் அதைத்தான் குடித்தார்கள். பேச்சு மட்டும் இல்லை.

அடுத்த சரிவிலும் வரப்பு கட்டி வேலி போடுவதற்குக் கூட்டம் போட்டபோது தம்பி எழுந்தான். "இந்தத் தடவை யார் பட்டி போகப்போகுது?"

யாரும் சிரிக்கவில்லை.

"முதல்ல தண்ணி போக வழி. அப்புறம்தான் வரப்பு" என்றாள்.

"உன்கிட்ட யார் கேட்டா?" என்று துண்டை உதறிக்கொண்டு வெளியேறினான்.

சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றாள். பெரும்பாலானவர்கள் தூக்கினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, மகளையே முறைத்தபடி இருந்தாள்.