முப்பத்தொன்றாம் தேதிக்காரர்கள்

ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று அந்த அரசு ஆஸ்பத்திரியின் காதுப் பிரிவில் கால் வைக்க இடம் இருக்காது. இலவசக் காது மெஷினுக்குப் பதிவு செய்ய வந்தவர்கள் விடிந்தும் விடியாததுமாக வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாம் தேதி போனால் ஈ ஓட்டலாம். முதல் தேதியில் பதிந்தால் சீக்கிரம் கிடைக்கும் என்று ஊரே நம்பியது. வேடிக்கை என்னவென்றால், உண்மையிலேயே கிடைத்தது. ஏன் கிடைக்கிறது என்று கேட்க அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கண்காணிப்பாளர் கூடுதலாக முப்பது நாற்காலி போட்டார், கயிறு கட்டினார், ‘அமைதி காக்கவும்’ என்று பலகை மாட்டினார். காது கேட்காதவர்கள் கூடும் இடத்தில் அந்தப் பலகை எதற்கு என்று அவரிடம் யார் கேட்பது?

கேட்கக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள். பதிவுக் கவுண்டரில் இருந்த அவளை எல்லோரும் முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் மிளகாய். பத்தொன்பது வருட வேலையில் ‘பரவாயில்லை’ என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. படிவத்தில் வயதுக்கு நேரே ‘நடுத்தரம்’ என்று எழுதிக் கொடுத்த ஒருவரிடம், “எதுக்கும் எதுக்கும் நடுவுல? பொறந்ததுக்கும் போறதுக்குமா?” என்று கேட்டவள். கல்யாணமும் ஒன்று நடந்தது. நாலு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதையும் அடித்துத் திருத்திவிட்டு, தம்பி வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தாள்.

அந்த வீட்டில் அவளுடைய முறைப்புக்குப் பயப்படாத ஒரே ஜீவன் தம்பி மகள். நாலே முக்கால் வயது. பிறந்ததிலிருந்தே காது மந்தம். கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்ததில் ‘த்தை’ என்று மட்டும் சொல்வாள். ஐந்து வயதுக்குள் மெஷின் மாட்டினால்தான் பேச்சு ஓரளவு தேறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழந்தைக்கு இரண்டே முக்கால் வயதாகும்போது, ஒரு ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி, அத்தைதான் தன் கையால் பதிவு செய்தாள். அன்றைக்குப் பட்டியலில் 287வது இடம். இரண்டு வருடம் கழித்து 409வது இடம். வரிசையில் நின்ற குழந்தை பின்னால் நடந்துகொண்டிருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாற்பது மெஷின் வரும். கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினால் பதிவுத் தேதி வரிசைப்படி பட்டியல் வரும். மேலே இருக்கும் நாற்பது பேரைக் கூப்பிடுவார்கள். கீழே இருப்பவர்களை யாரும் பார்ப்பதில்லை. அன்று அவள் மொத்தம் 412 பேரையும் அச்செடுத்து மேசைமேல் பரப்பினாள்.

முதல் இரண்டு பக்கமும் 01 என்றே ஆரம்பித்தது. 01-02-2023க்குக் கீழே 01-03-2022. அதற்குக் கீழே 01-03-2023. ஒன்றாம் தேதிகள் எல்லாம் தீர்ந்த பிறகு இரண்டாம் தேதிகள். மாதமும் வருடமும் எப்படியோ போகட்டும் என்று, பட்டியல் நாளை மட்டும் பிடித்துக்கொண்டு இறங்கியது. கடைசிப் பக்கம் முழுக்க முப்பதும் முப்பத்தொன்றும். அவர்களுக்கும் கீழே, எல்லோருக்கும் கடைசியாக ஒருவர். அவள் கவுண்டருக்கு மாறி வருவதற்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்த ஒரு மகாராசன் அவருடைய தேதிக் கட்டத்தில் ‘போன செவ்வாய்’ என்று அடித்து வைத்திருந்தான்.

கம்ப்யூட்டர்க்காரரைக் கூப்பிட்டாள். நிரலை எழுதிக் கொடுத்த கம்பெனி ஆள் அவர். வந்து, பார்த்து, கொட்டாவி விட்டார்.

“இது தேதின்னு உங்களுக்குத் தெரியும்க்கா. அதுக்குத் தெரியாது. அந்தக் கட்டத்த வெறும் எழுத்துன்னு சொல்லி வெச்சிருக்கோம். அகராதி மாதிரி முதல் எழுத்துலேருந்து அடுக்கும்.”

“தேதிக்கட்டம் தேதின்னு சொல்ல எத்தன நாளாகும்?”

“பத்து நிமிஷம். ஆனா ஒப்பந்தம் முடிஞ்சு ஆறு மாசமாச்சு. பெரியவர் கடுதாசி குடுக்கணும்.”

“வருஷத்த முன்னால அடிச்சா? அப்புறம் மாசம், அப்புறம் நாள்?”

அவர் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். “சரியா வரும். ஆனா ஒண்ணுவிடாம மாத்தணும். பாதி பழசு பாதி புதுசுன்னா இன்னும் கேவலமாயிடும்.”

“இதைவிடவா?” என்றாள்.

கண்காணிப்பாளர் கடுதாசி கொடுப்பவரா? அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “கம்ப்யூட்டருக்கு மாமன் மச்சான் கிடையாதும்மா. அது யாரையும் பார்க்காது.”

“அதான் சார் சொல்றேன். தேதியக்கூட பார்க்கல.”

“உன் வேலை அடிக்கிறது. அதைப் பாரு.”

மாமன் மச்சான் இல்லாத அந்தக் கம்ப்யூட்டரில் அவருடைய மச்சினரின் தகப்பனார் பன்னிரண்டாவது இடத்தில் இருந்தார். பதிந்தது போன மாதம் முதல் தேதி.

வீட்டில் தம்பி விஷயத்தைக் கேட்டதும் எழுந்தே நின்றுவிட்டான். “அக்கா, முப்பத்தொண்ண அழிச்சுட்டு ஒண்ணுன்னு போடேன். ரெண்டு எழுத்து. யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமே.”

“உன் பவிசு பெருசா, பாப்பா பேச்சு பெருசா?”

 அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் கவுண்டர் திறப்பதற்கு முன் குழந்தையின் பதிவைத் திறந்தே விட்டாள். விரல் தேதிக் கட்டத்துக்கும் போய்விட்டது. அப்போதுதான் பட்டியலில் குழந்தைக்கு நேர் மேலே இருந்த வரி கண்ணில் பட்டது. அதே ஆகஸ்ட் முப்பத்தொன்று, ஆனால் ஆறு வருடம் முந்தியது. ஒரு தையல்காரம்மா. அதை அடித்தவளும் அவள்தான். ‘மூணு மாசத்துல வந்துடும், போங்க’ என்று சொல்லி அனுப்பியவளும் அவளாகத்தான் இருக்க வேண்டும், எல்லோரிடமும் அதைத்தான் சொல்வாள். தன்மேலேயே அவளுக்கு வந்த எரிச்சலில் கண்காணிப்பாளர் கொஞ்ச நேரம் தப்பித்தார்.

குழந்தையின் பதிவை மூடினாள். முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் இரண்டு மூன்று பதிவுகள். வருடம் முன்னால் வந்து 20 என்று ஆரம்பித்ததால், திருத்தியவை எல்லாம் இருபதாம் தேதிக்காரர்களுக்குப் பின்னால் போய்க் குவிந்தன. நாலாம் நாள் பட்டியல் கண்றாவியாக இருந்தது. யாரும் கவனிக்கவில்லை, கவனிக்கிற வழக்கம் அங்கே ஏது? ‘போன செவ்வாய்’க்காரருக்காக அலமாரியைக் குடைந்து பழைய படிவத்தை எடுத்து, அவருக்கும் ஒரு தேதி கொடுத்தாள். எட்டு வேலை நாளில் முடிந்தது. பொத்தானைத் தட்டினாள். தையல்காரம்மா ஒன்பதாவது. குழந்தை ஐம்பத்தெட்டாவது.

மெஷின் நாற்பதுதான். அடுத்த தவணைக்குள் குழந்தைக்கு ஐந்து முடிந்துவிடும்.

கண்காணிப்பாளர் புதுப் பட்டியலோடு பாய்ந்து வந்தார். “யாரைக் கேட்டு மாத்தின?”

“எந்த வரி தப்புன்னு சொல்லுங்க, திருத்திடறேன்.”

அவர் தேடினார். மச்சினரின் தகப்பனாரை 390க்குப் பக்கத்தில் கண்டுபிடித்தார். தப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

காது கேட்காதவர்களுக்குப் போனில் தகவல் சொல்வது அந்த அலுவலகத்தின் இன்னொரு மேதாவித்தனம். மேலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். முதல் எண்ணை எடுத்த பெண், “அப்பாவுக்கா? அவர் போய் மூணு வருஷமாச்சே” என்றாள். இரண்டாவது எண் உபயோகத்தில் இல்லை. ஐந்தாவது ஆளின் மகன் சிரித்தான்: “இப்பதான் ஞாபகம் வந்துச்சா? கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரிலேருந்து போன் வந்துச்சான்னு கேட்டுட்டே இருந்தாங்க.” அவள் மன்னிப்புக் கேட்டாள். கேட்டுப் பழக்கமில்லாததால் அது ஏதோ மிரட்டுவது போல ஒலித்தது.

தையல்காரம்மா இருந்தார். அவருடைய மருமகள் போனிலேயே கத்திச் சொன்னாள், மூன்று தடவை.

ஐம்பத்தேழு பேரைக் கூப்பிட்டு முடித்தபோது முப்பத்தாறு பேருக்குத்தான் மெஷின் தேவைப்பட்டது. இருபத்தொரு பேர் இல்லை. ஒன்றாம் தேதியில் பதிந்திருந்தால் அவர்களில் பலர் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

ஐம்பத்தெட்டாவது எண் மனப்பாடம். தம்பிதான் எடுத்தான்.

“செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பாப்பாவ கூட்டிட்டு வா. பதிவுச் சீட்டு எடுத்துட்டு வா.”

“வந்துருச்சா! அக்கா! மாத்திட்டியா? நான் சொன்னேன்ல…”

“மாத்தல. முன்னால இருந்தவங்க செத்துட்டாங்க. சத்தம் போடாம போனை வை.”

அவன் வைப்பதற்கு முன்னால் அவளே வைத்தாள். இன்னும் மூன்று மெஷின் பாக்கி. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐம்பத்தொன்பதாவது எண்ணை அழுத்தினாள்.