லாட்ஜுக்கு வந்துசேராத சம்பந்தி

என் மகளின் கல்யாணத்தை அவளுடைய ஆபீஸ் தோழிகள் டெஸ்டினேஷன் வெட்டிங் என்றார்கள். அவர்கள் சொன்ன இடம், கந்தர்வக்கோட்டைப் பக்கம் நான் பிறந்து வளர்ந்த ஊர். நான் ஆடு விரட்டித் திரிந்த முந்திரித் தோப்பு எப்போது டெஸ்டினேஷன் ஆனது என்று எனக்கு விளங்கவே இல்லை. சரி, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று தலையாட்டிவிட்டேன். தலைவலி அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்களுக்கு வழி சொல்ல வேண்டுமே! வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டேன். விமானம் என்றால் திருச்சி. ரயில் என்றால் புதுக்கோட்டை, ஸ்டேஷனில் வேன் நிற்கும். தங்குவதற்குத் திருக்கோகர்ணத்தில் லாட்ஜ். சாயங்காலம் அங்கிருந்து அதே வேனில் ஊருக்கு வரலாம். இதில் குழம்ப என்ன இருக்கிறது சொல்லுங்கள். ஆனாலும் குழம்பினார்கள். ஒருத்தர், தங்கும் இடத்தில் நீச்சல் குளம் உண்டா என்று கேட்டார். ஊரில் கண்மாய் இருக்கிறது, அதில் தண்ணீர் இருக்குமா என்று மழையைத்தான் கேட்க வேண்டும் என்று பதில் போட்டேன். இன்னொரு பெண், காலையில் கொடும்பாளூர் கோயிலைப் பார்த்துவிட்டு முகூர்த்தத்துக்கு வந்தால் போதுமா என்றாள். முகூர்த்தமே விடியற்காலையில் அம்மா தாயே! பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் எந்த வேன் யாரை ஏற்றப் போகிறது என்று எனக்கே குழம்பிவிட்டது.

இத்தனை பேரில் எனக்குப் பெரிய கவலை ஒருவரைப் பற்றித்தான். மாப்பிள்ளையின் அம்மா. கணவர் இறந்ததிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, சாப்பிடாமல்கூடக் கிளம்பிவிடுகிறவர். மகன் கல்யாணத்திலும் மணவறைப் பக்கம் வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். மாப்பிள்ளையோ, "அம்மா என் பக்கத்துல நிக்கலேன்னா நான் தாலி கட்ட மாட்டேன் அத்தை" என்று என்னிடமே சொல்லிவிட்டார். இரண்டு பிடிவாதத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது என் மகள். நல்ல காரியத்துக்குப் போகிற வண்டியில் நான் எதற்கு என்று மாப்பிள்ளை வீட்டு வேனில்கூட ஏறாமல், அந்த அம்மா தனியாக ரயிலில் கிளம்பினார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, "புதுக்கோட்டை வந்துவிட்டேன்" என்று அவரிடமிருந்து செய்தி வந்தது. அதோடு சரி. மத்தியானம் ஆகியும் அவர் லாட்ஜுக்கு வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. மாப்பிள்ளை போனில் கூப்பிட்டார்.

"அத்தை, அம்மா திரும்பிப் போயிட்டாங்களோன்னு பயமா இருக்கு."

லாட்ஜ் மேனேஜரைப் போனில் பிடித்தேன். "ஒரு அம்மாவத் தேடுறீங்க. நீங்க சொன்ன ஆளுங்கள்ல பாதிப்பேரு வரலைங்க. ரூமெல்லாம் பூட்டியே கெடக்கு" என்றார். பாதிப்பேரா? ரயிலில் வந்து இறங்கியவர்களை பூமியா விழுங்கிவிட்டது?

ஸ்டேஷனுக்கு வேன் ஓட்டிப் போனது என் பெரியப்பா மகன். அண்ணனைத் தேடிப் போனால், பந்தல்காரர்களை அதட்டிக்கொண்டு நிற்கிறார்.

"ஏண்ணே, ரயில்ல வந்தவங்க எங்க?"

"எங்கயா? ஊருக்குத்தான் கொண்டாந்தேன். கல்யாணத்துக்கு வந்தவங்கள லாட்ஜுல தள்ளுனா நாளப்பின்ன ஊருக்குள்ள தல காட்ட முடியுமா? நம்ம சனம் வெள்ளையடிச்சு வச்சுக்கிட்டுக் காத்துக் கெடக்கு. வீட்டுக்கு ரெண்டு பேரா எறக்கி விட்டுட்டேன்."

"யார யாரு வீட்டுல எறக்குனீங்க?"

"அதெப்புடி ஆத்தா ஞாபகம் இருக்கும்? கேட்ட வீட்டுக்கெல்லாம் குடுத்தேன். பத்தலைன்னு ரெண்டு வீட்டுல கோவம் வேற."

அண்ணனாகப் போய்விட்டாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு தெருத்தெருவாக இறங்கினேன். ஒரு வீட்டில் பெங்களூர்ப் பையன் ஒருவன் கயிற்றுக் கட்டிலில் வாயைப் பிளந்து தூங்குகிறான். இன்னொரு வீட்டில் ஆபீஸ் பெண்கள் இலை போட்டுச் சாப்பிடுகிறார்கள். லாட்ஜுக்கு ஏன் போகவில்லை என்றால், "ஆன்ட்டி, இதுதானே லாட்ஜ்?" என்கிறார்கள். போகிற வீட்டிலெல்லாம் எனக்குக் காப்பி. தேடுகிறேன் என்று சொன்னால், "தேடலாம், மொதல்ல குடிங்க." யாரைத் தேடுகிறேன், எதற்குக் குடிக்கிறேன் என்று ஒன்றும் புரியாத நிலைக்கு வந்துவிட்டேன்.

கடைசியாக, கண்மாய்க்கரையை ஒட்டி, எனக்கு மதினி முறையாகும் ஒருத்தியின் வீடு. கொல்லையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே சிரிப்பு. அதில் ஒரு சிரிப்பு எனக்குத் தெரிந்த முகத்தில் இருந்தது. சம்பந்தியம்மாள் தலையில், தளரப் பின்னிய சடையில், இரண்டு முழம் மல்லிகை.

என்னைக் கண்டதும் எழுந்து வந்து, கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"நான் யாருன்னு சொல்லிடாதீங்க. வந்ததும் சோறு போட்டாங்க. தலை வாரி, கேக்காமலே பூ வச்சுட்டாங்க. வேண்டாம்னு வாய் வரைக்கும் வந்தது, சொல்லலை. வீட்டுக்காரர் வரலையான்னு கேட்டாங்க. வரலைன்னேன். பொய் இல்லையே? இன்னைக்கு ஒரு நாள் இப்படி இருந்துட்டு, நாளைக்குப் பின்னாடி போய் உக்காந்துக்கறேன்."

என்ன செய்வது? வாயை மூடிக்கொண்டால் நாளைக்கு மறுபடி கடைசி வரிசை. வாயைத் திறந்தால் இந்தப் பூ இப்போதே இறங்கிவிடும். அங்கே ஒரு பிள்ளை அம்மாவைக் காணோம் என்று துடித்துக்கொண்டிருக்கிறது. இந்த ஊருக்கு வர இத்தனை பேருக்கு வழி சொன்ன எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

அதற்குள் மதினி பின்னாலேயே வந்துவிட்டாள். "என்ன ரகசியம்? ஆமா, இவங்க மாப்பிள்ளைக்கு என்ன வேணும்? கேட்டா சிரிச்சே மழுப்புறாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தியம்மாளே சொல்லிவிட்டார். "நான்தாங்க அவன் அம்மா."

மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை என்பது ஊருக்கே தெரியும். மதினியின் பார்வை அவர் தலையிலிருந்த பூவுக்குப் போனது. சம்பந்தியம்மாளின் கை மெதுவாகத் தலைக்குப் போய், பூவைத் தொட்டது.

மதினி அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள்.

"கைய எடுங்க! நான் வச்ச பூவு. எடுக்குறதுன்னா என்னைக் கேக்கணும்." பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யய்யோ, மாப்பிள்ளையப் பெத்த மகராசியப் போயி வெங்காயம் உரிக்க வச்சுட்டேனே! நாளைக்குக் காலையில நீங்க இங்கேருந்துதான் பொறப்படணும். நாந்தான் பூ வச்சு, மணவறை வரைக்கும் கூட்டிட்டு வருவேன். எந்தப் பய என்ன கேக்குறான்னு நானும் பாக்குறேன்."

சம்பந்தியம்மாள் கண்ணிலிருந்து வடிவது வெங்காயத்தாலா என்று யாரும் கேட்கவில்லை. நான் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, சம்பந்தியம்மாள் கையில் கொடுத்தேன். அந்தப் பக்கம் "அம்மா, அம்மா" என்று கத்துவது எனக்கே கேட்டது. இவர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"கத்தாதடா, சாப்பிட்டேன். நல்லா இருக்கேன். இங்க பாரு, கலர்ப் புடவை ஒண்ணும் நான் எடுத்துட்டு வரலை. நாளைக்கு உன் பக்கத்துல நிக்கணும்னா நான் எதைடா கட்டிக்கிறது?"